இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது?

அரச சேவைகள் ஒவ்வொன்றாகக் கணினிமயப்படுத்தப்பட்டு, இந்திய நிதியுதவியுடனான டிஜிட்டல் தேசிய அடையாள அட்டைத் திட்டமும் முன்னெடுக்கப்படும் இவ்வேளையில், 2023 ஓகஸ்டில் இடம்பெற்ற சம்பவமொன்றை நாம் மீண்டும் நினைவூட்ட வேண்டியுள்ளது. அப்போது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவிலேயே வழமைக்குத் திரும்பிய போதிலும், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் திரும்பவில்லை.

காப்புப் பிரதி எடுக்கப்படாமல் இருக்கவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. பிரதி இருந்தது, ஆனால் அது மூலக் கட்டமைப்புடன் இணைந்தே இருந்தது. ஆகையால் மூலத்தைப் பூட்டிய அதே மென்பொருள் பிரதியையும் பூட்டிவிட்டது. இணைப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பிரதியோ அந்த மாதங்களுக்கு இருக்கவில்லை. பழைய மென்பொருளைப் புதுப்பிக்கும் திட்டம் 2021 முதல் இருந்தும் நிதிப் பற்றாக்குறை முதலான காரணங்களால் தாமதமானதாகப் பின்னர் விளக்கமளிக்கப்பட்டது.

இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமிப்பகங்களை அமைத்து, ஒன்றில் எழுதப்படுவதை மற்றையதில் உடனுக்குடன் பிரதியாக்கம் செய்தால் பாதுகாப்புக் கிடைத்துவிடும் எனப் பலரும் எண்ணுகின்றனர். தீ, வெள்ளம், மின்துண்டிப்பு ஆகியவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் பிரதியாக்கம் நல்லது கெட்டது அறியாது. இங்கே தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு அங்கேயும் அடுத்த கணத்தில் அழிந்துவிடும். ஆதலால் இரண்டாவது இடத்தில் நேற்றைய, கடந்த வாரத்தின், கடந்த மாதத்தின் நிலைகள் யாராலும் மாற்ற முடியாதவாறு தனித்தனியே பேணப்பட வேண்டும். முதலாவது நிலையத்தின் நிர்வாகியுடைய கடவுச்சொல் இரண்டாவதைத் திறக்கக் கூடாது.

தூரமும் ஒரு பிரச்சினையே. கண்ணாடியிழையில் ஒளி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் செல்லும். கொழும்பில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவும் சுமார் 400 கிலோமீற்றர் அப்பாலுள்ள யாழ்ப்பாணத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருக்குமாயின், போகவர குறைந்தது நான்கு மில்லிசெக்கன் கழியும். ஒரு பதிவுக்கு அது அற்பம். செக்கனுக்கு ஆயிரக்கணக்கான பதிவுகள் குவியும் கட்டமைப்புக்கு அற்பமன்று. இதனாலேயே தொலைதூர நிலையங்களுக்குச் சில நிமிடப் பின்னடைவுடன் பிரதி அனுப்பப்படுகிறது. அந்தச் சில நிமிடத் தரவை இழக்க நேரலாம் என்பது அறிந்தே ஏற்கும் இழப்பாகும். மூன்று மாதங்களுக்கு மேலான இழப்பை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

தொழில்நுட்பத்தில் முன்னிற்கும் தென்கொரியாவும் இதில் தவறியுள்ளது. 2025 செப்டெம்பர் 26 இல் தேஜோன் நகர அரச தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றியபோது, அரச ஊழியர்களின் கோப்புகளைக் கொண்டிருந்த 858 டெராபைட் சேமிப்பகம் முற்றாக அழிந்தது. அதன் கொள்ளளவு பெரிதென்பதால் வேறிடத்தில் பிரதி வைக்கப்படவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். அதிகம் இருந்ததால் எதுவுமே காக்கப்படவில்லை!

இத்தனைக்கும் இந்தப் பாடம் எமது நாட்டுக்குப் புதியதன்று. காணி உறுதியொன்றை முடிக்கும் நொத்தாரிசு மூலப்பிரதியை உரியவரிடம் கையளித்து, ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். மூன்று பிரதிகள், மூன்று இடங்கள், மூன்று பொறுப்பாளர்கள். கணினி தோன்றுவதற்கு முன்பே வகுக்கப்பட்ட ஒழுங்கு இது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், யுத்தத்தில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த தமிழ் மக்களும், 2004 ஆழிப்பேரலையில் வீட்டோடு பத்திரங்களையும் பறிகொடுத்த கரையோர மக்களும், வேறொரு கந்தோரில் தமது பெயர் எழுதிய ஏடு எஞ்சியிருக்குமா என்று தேடி அலைந்தவர்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களுடன் எரிந்த ஓலைச்சுவடிகளுக்கோ அவ்வாறு தேடிச்செல்ல வேறிடம் இருக்கவில்லை.

நாளை ஒருவரின் பிறப்பும் காணியும் அடையாளமும் திரையில் மட்டுமே இருக்கப்போகுமாயின், அரசாங்கம் சில விடயங்களைப் பகிரங்கமாகக் கூறியாக வேண்டும். இரண்டாவது நிலையம் முதலாவதிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது? முகவரியை வெளியிடுமாறு நாம் கேட்கவில்லை. ஆனால் 2025 நவம்பரில் தித்வா புயலின்போது களனி கங்கை பெருக்கெடுத்ததைக் கண்ட பின்னர், இரண்டு நிலையங்களும் ஒரே ஆற்றுப்படுகையில் இல்லை என்ற உறுதியையாவது கேட்கலாம். பிரதிக்கும் மூலத்துக்கும் இடையிலான பின்னடைவு எத்தனை நிமிடம்? பிரதியிலிருந்து முழுக் கட்டமைப்பையும் மீட்டுப் பார்க்கும் ஒத்திகை இறுதியாக எப்போது நடத்தப்பட்டது? டிஜிட்டல் அடையாள அட்டைக்காக விரல் அடையாளத்தைக் கேட்பதற்கு முன்னர், இவற்றுக்கான பதில்கள் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட வேண்டும்.