இடுப்புக்குக் கீழே இரண்டு மதிப்பெண்!

“குளிப்பதற்குப் பிறர் துணை வேண்டுமா?”

“வேண்டும்.”

“உடலின் எந்தப் பகுதியைக் கழுவுவதற்கு?”

“இடுப்புக்குக் கீழே என்னால் கழுவிக்கொள்ள முடிவதில்லை.”

“அப்படியா? இரண்டு மதிப்பெண்! தோளுக்கும் இடுப்புக்கும் இடையே கழுவ முடியாதிருந்தால் நான்கு கிடைத்திருக்கும்!”

நாடக மேடையிலே நையாண்டிக்காக நடத்திக் காட்டப்படும் காட்சி அல்ல இது. உரையாடல் நாம் அமைத்துக் காட்டியது. மதிப்பெண்களோ நாம் கற்பித்தவை அல்ல. பிரிட்டன் நாட்டிலே மாற்றுத்திறனாளிகளுக்கு உதவித்தொகை வழங்குவதற்காக வகுக்கப்பட்ட விதிகளில் அச்சிட்டு வைக்கப்பட்டிருப்பவை. இந்த இரண்டுக்கும் நான்குக்கும் இடையே இலட்சக்கணக்கானவர்களின் வாழ்வு ஊசலாடிய காட்சியை 2025ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் கண்டது. தொலைதூர நாட்டுச் செய்திதானே என்று தள்ளிவிடத்தக்கதன்று அது. மக்கள்நல அரசு என்ற சொல்லுக்கு உலகிற்கே பொருள் சொல்லிக் கொடுத்ததாகப் பெருமை பேசும் நாடு, தன் மக்களிலே நலிந்தவர்களிடம் எவ்வாறு நடந்துகொள்ள முற்பட்டது என்பதை, ஆட்சியின் கடமை யாது என எண்ணிப் பார்க்கும் எவரும் அறிந்துகொள்ளத்தான் வேண்டும்.

‘பிப்’ என்று சுருக்கமாக வழங்கப்படும் அந்த உதவித்தொகை 2013இல் நடைமுறைக்கு வந்தது. வேலையில்லாதவர்களுக்கு மட்டும் அளிக்கப்படும் படி அல்ல அது. வேலைக்குச் செல்பவர்களும் பெறலாம். உடற்குறையோ நெடுநாள் நோயோ உடையவர், மற்றவர்களைப்போல வாழ்வதற்கே கூடுதலாகச் செலவிட வேண்டியிருக்கிறதல்லவா, அந்தச் செலவுக்கு ஈடாக ஏற்பட்டது. குளிர்நாட்டிலே நாளெல்லாம் வீட்டோடு கிடப்பவருக்கு அறையைச் சூடாக வைத்திருக்கும் செலவு அதிகம். பேருந்தில் ஏற இயலாதவருக்கு வாடகை வண்டிச் செலவு அதிகம். கருவிகள் இயங்கினால்தான் மூச்சு உண்டு என்ற நிலையில் இருப்பவருக்கு மின்சாரக் கட்டணம் அதிகம்.

அன்றாட வாழ்வுக்கெனப் பத்துச் செயல்களைக் குறித்திருக்கிறார்கள். சமைத்தல், உண்ணல், மருத்துவத்தைக் கவனித்துக்கொள்ளல், குளித்தல், கழிவறை செல்லல், உடுத்தல், பேசுதல், படித்தல், பிறரோடு பழகுதல், பணத்தைக் கையாளல் என்பன அவை. ஒவ்வொன்றிலும் இயலாமை எவ்வளவு என்று அளந்து மதிப்பெண் இடுவர். கூட்டுத்தொகை எட்டு வந்தால் ஒரு தொகை. பன்னிரண்டு வந்தால் உயர்ந்த தொகை. 2025–26ஆம் ஆண்டில் முன்னது வாரத்திற்கு 73.90 பவுண்டு, பின்னது 110.40 பவுண்டு.

பள்ளியிலே ஆற்றலுக்கு மதிப்பெண். இங்கோ ஆற்றாமைக்கு மதிப்பெண்! முடியும் என்றால் தோல்வி. முடியாது என்று மெய்ப்பித்தால் தேர்ச்சி! பெற்ற பிள்ளையிடமும் சொல்லக் கூசும் செய்திகளை, முன்பின் அறியாத அதிகாரியின் முன்னே ஒன்றுவிடாமல் விரித்துரைத்தாக வேண்டும். அப்படி உரைத்துத்தான் அந்த எட்டையும் எட்ட வேண்டியிருந்தது. அந்த எட்டும் போதாது என்று கூறப் புறப்பட்டதுதான் 2025ஆம் ஆண்டின் திட்டம்.

அந்த ஆண்டு மார்ச் 18ஆம் நாள், வேலை மற்றும் ஓய்வூதியத் துறையின் அன்றைய அமைச்சர் லிஸ் கெண்டல், ‘பச்சை அறிக்கை’ எனப்படும் ஆலோசனை ஏட்டை வெளியிட்டார். மொத்தத்தில் எட்டு மதிப்பெண் வந்தால் மட்டும் போதாது, ஏதேனும் ஒரு செயலில் தனித்து நான்கு மதிப்பெண் வந்திருக்கவும் வேண்டும், இவ்விதி 2026 நவம்பரில் நடைமுறைக்கு வரும் என்றது அந்த ஏடு.

இதன் விளைவு யாது? மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன, ஓய்வூதிய வயதை எட்டாத ஒரு பெண்மணியை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். வழக்கமான அடுப்பிலே அவரால் சமைக்க இயலாது. மைக்ரோவேவ் அடுப்பிலே சூடேற்றிக்கொள்வார். அதற்கு இரண்டு. தட்டிலுள்ள உணவைத் துண்டாக்கப் பிறர் துணை வேண்டும். அதற்கு இரண்டு. இடுப்புக்குக் கீழே கழுவத் துணை வேண்டும். அதற்கு இரண்டு. இடுப்புக்குக் கீழே உடுத்தத் துணை வேண்டும். அதற்கும் இரண்டு. ஆக எட்டு. உள்ள விதிப்படி அவருக்கு உதவி உண்டு. வரவிருந்த விதிப்படியோ, அன்றாட வாழ்வுக்கான உதவியில் ஒரு காசும் இல்லை! நான்கு வகையிலே அவர் அல்லற்படுகிறார் என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஏதேனும் ஒரு வகையிலே போதிய அளவு அல்லற்படவில்லையாம். ஆகவே தொகை இல்லையாம்!

ஆண்டுக்கு 3,800 பவுண்டுக்கு மேல் அவர் இழந்திருப்பார். இழப்பு அவரோடு நின்றிருக்குமா? அவரைக் கவனித்துக்கொள்வதற்காகத் தம் பிழைப்பைச் சுருக்கிக்கொண்டு மகனோ மகளோ உடனிருந்தால், அவர்களுக்கும் பராமரிப்போர் படி என்று ஒன்று அந்நாட்டில் உண்டு. தாய்க்குரிய ‘பிப்’ தொகையைப் பற்றிக்கொண்டு நிற்கும் கொடி அது. கொம்பை வெட்டினால் கொடி எங்கே நிற்கும்?

மாற்றாரின் மிகைப்படுத்தல் என்று எவரும் கருதிவிட வேண்டாம். அரசின் கணக்கே கூறிற்று. 2029–30க்குள் ஏறத்தாழ 8 இலட்சம் பேர், வாங்கியிருந்ததையோ வாங்கியிருக்கக்கூடியதையோ இழப்பர். சராசரி இழப்பு ஆண்டுக்கு 4,500 பவுண்டு. பராமரிப்போருக்கான உதவியை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் இழப்பர். எல்லா வெட்டுகளும் சேர்ந்து 2 இலட்சத்து 50 ஆயிரம் பேரை வறுமைக்கோட்டின் கீழே தள்ளும். அவர்களில் 50 ஆயிரம் பேர் குழந்தைகள். இவ்வளவையும் தானே கணக்கிட்டு, தானே அச்சிட்டு, அதன் பிறகும் ‘சீர்திருத்தம்’ என்று அதற்குப் பெயர் சூட்டிற்று ஓர் அரசு!

அரசின் தரப்பிலும் வாதம் இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. பெருந்தொற்றுக் காலத்திற்குப் பிறகு உதவி பெறுவோர் தொகை மளமளவெனப் பெருகிற்று. நாளொன்றுக்கு ஆயிரம் பேர் புதிதாகச் சேர்கின்றனர். இப்படியே போனால் கருவூலம் தாங்காது. வேலை செய்யக்கூடியவர்களை வேலைக்கு அனுப்ப வேண்டும், அதற்கென 100 கோடி பவுண்டு ஒதுக்குகிறோம் என்றனர்.

வேலைக்கு வழி செய்வதை வேண்டாம் என்பார் யார்? மாற்றுத்திறனாளிகளும் அதைத்தான் கேட்கின்றனர். ஆனால் வேலைக்குச் செல்லும் மாற்றுத்திறனாளிக்கு வண்டிச் செலவையும் துணையாளையும் தந்து, அவரை அலுவலக வாயில்வரை கொண்டுசேர்ப்பது இந்த உதவித்தொகை அல்லவா? அதைப் பறித்துவிட்டு ‘வேலைக்குப் போ’ என்பது, ஏணியை எடுத்துக்கொண்டு ‘மாடிக்கு ஏறி வா’ என்று அழைப்பதை ஒக்கும். நோயாளர் பெருகினர் என்றால் நோய் ஏன் பெருகிற்று என்று ஆராய்வது மருத்துவம். நோயின் இலக்கணத்தை மாற்றி எழுதி நோயாளர் தொகையைக் குறைப்பது கணக்கு வித்தை!

அது கணக்கு வித்தைதான் என்பதற்குச் சான்று அந்த மார்ச் மாதத்திலேயே கிடைத்தது. 2029–30இல் ஏறத்தாழ 500 கோடி பவுண்டு மீதமாகும் என்று முதலில் அறிவித்தனர். ‘அவ்வளவு மீதமாகாது’ என்று நிதிநிலையை மதிப்பிடும் தனி அலுவலகம் கணக்குச் சொல்லிற்று. உடனே, மார்ச் 26ஆம் நாள், நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் மேலும் சில வெட்டுகளைச் சேர்த்தார். அந்த எட்டு நாள் இடைவெளியிலே எந்த முடவர் எழுந்து நடந்தார்? எந்த நோயாளர் குணமடைந்தார்? எவருடைய தேவையும் குறையவில்லை. தொகை குறைந்தது, அவ்வளவுதான். மீதப்படுத்த வேண்டிய தொகையை முதலில் முடிவு செய்துகொண்டு, அத்தொகைக்கு ஏற்ப மக்களின் துன்பத்தை அளக்கப் புகுந்தனர். நம் குற்றச்சாட்டின் கரு இதுதான்.

பச்சை அறிக்கை என்பதே மக்கள் கருத்தைக் கேட்பதற்காக வெளியிடப்படுவது. ஜூன் 30 வரை கருத்துச் சொல்லலாம் என்றனர். ஆனால் எதைக் குறித்துக் கேட்டனர்? ‘நான்கு மதிப்பெண்’ விதி கருத்துக் கேட்பில் சேராது என்றனர்! இலையைப் போட்டு, நீரைத் தெளித்து, ‘சோறு உண்டா இல்லையா என்பதை மட்டும் கேட்காதீர்கள்’ என்று சொல்லும் விருந்தாக அல்லவா இருந்தது அது! கருத்துக் கேட்பு முடியுமுன்னரே, ஜூன் 18ஆம் நாள், மசோதா அவைக்கு வந்துவிட்டது.

இதனைச் செய்தது எந்தக் கட்சி என்று எண்ணும்போதுதான் நெஞ்சு கனக்கிறது. நோயும் வறுமையும் வீழ்த்தப்பட வேண்டிய அரக்கர்கள் என்று 1942இல் பெவரிட்ஜ் வரைந்த அறிக்கையைக் கையிலேந்தி, போருக்குப் பின் மக்கள்நல அரசை எழுப்பியது தொழிற்கட்சி. மாற்றுத்திறனாளிகளுக்கான புகழ்பெற்ற 1970ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொணர்ந்த ஆல்ஃப் மாரிஸ் தொழிற்கட்சி உறுப்பினர். 2016 மார்ச்சில் கன்சர்வேடிவ் அரசின் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் இதே ‘பிப்’ தொகையில் கைவைத்தபோது எதிர்த்து நின்றதும் தொழிற்கட்சிதான். அப்போது கன்சர்வேடிவ் அமைச்சரான அயன் டங்கன் ஸ்மித்தே மார்ச் 18ஆம் நாள் பதவி விலகினார், திட்டம் கைவிடப்பட்டது. சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே மார்ச் 18ஆம் நாளில், தொழிற்கட்சி அமைச்சரின் கையிலே கத்தரிக்கோல்! வேலியே பயிரை மேயப் புகுந்தது.

ஆயினும் பயிர் வாய்மூடிக் கிடக்கவில்லை. சக்கர நாற்காலிகளிலே வந்தனர். பாராளுமன்றத்தின் வாயிலிலே திரண்டனர். தொகுதிதோறும் தம் உறுப்பினர்களைக் கண்டு முறையிட்டனர். ‘எங்களைக் கலக்காமல் எங்களைப் பற்றி முடிவு செய்யாதீர்’ என்பது உலகெங்கும் மாற்றுத்திறனாளிகள் எழுப்பும் முழக்கம். அது ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிரொலித்தது. கொறடாக்களில் ஒருவரான விக்கி ஃபாக்ஸ்கிராஃப்ட் ஜூன் 19ஆம் நாள் பதவி துறந்தார். மசோதாவைத் தடுத்து நிறுத்த மெக் ஹில்லியர் கொணர்ந்த திருத்தத்தில் தொழிற்கட்சி உறுப்பினர்கள் 120க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். நானூறுக்கும் மேற்பட்ட இடங்களைக் கைப்பற்றி ஓராண்டும் நிறையாத அரசு ஆட்டம் கண்டது.

முதலில், ‘இப்போது பெறுவோரைத் தொடமாட்டோம்’ என்று இறங்கிவந்தனர். அதுவும் எடுபடவில்லை. ஜூலை முதல் நாள், விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து, ‘நான்கு மதிப்பெண்’ விதியை மசோதாவிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். அதன் பிறகே 335க்கு 260 என்ற கணக்கிலே மசோதா தப்பிற்று. அப்போதும் தொழிற்கட்சியினர் 49 பேர் எதிர்த்தே வாக்களித்தனர். அவர்களுள் ஒருவர், பிறவியிலேயே உடற்குறை உடையவரான மேரி டிட்பால். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பர். தெரிந்தவர் ஒருவர் அவையிலே இருந்தார், தெரிந்ததைச் சொன்னார்.

வெற்றிதான், ஆனால் முழு வெற்றியன்று. அம்மசோதாவின் மறுபாதி செப்டம்பரில் சட்டமாயிற்று. ‘யுனிவர்சல் கிரெடிட்’ என்னும் உதவியிலே, நோயால் வேலை செய்ய இயலாதவர்களுக்கு வாரம் ஏறத்தாழ 97 பவுண்டு கூடுதலாக அளிக்கப்பட்டு வந்தது. 2026 ஏப்ரல் முதல் புதிதாக வருவோருக்கு அது 50 பவுண்டு அளவே என்றாக்கினர். மரணத்தை எதிர்நோக்கி இருப்போருக்கும், வாழ்நாள் முழுதும் தீராத கடும் நோயுடையோருக்கும் விலக்கு அளித்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள்? ஒரே நோய், ஒரே தெரு, ஒரே விலைவாசி. ஒருவர் ஏப்ரலுக்கு முன்னே நோயுற்றார்; மற்றவர் பின்னே நோயுற்றார். முன்னவருக்கு 97, பின்னவருக்கு 50! நாள்காட்டியைப் பார்த்தா நோய் வருகிறது?

‘பிப்’ தொகையின் எதிர்காலத்தை டிம்ஸ் தலைமையிலான ஆய்விடம் விட்டனர். மாற்றுத்திறனாளிகளையும் உடன் வைத்துக்கொண்டு ஆராய்ந்து, 2026 இலையுதிர்காலத்திலே அறிக்கை தரப்படும் என்றனர். முதலில் செய்திருக்க வேண்டியதை இறுதியில் செய்ய இசைந்தனர். அதுவும் தாமாக அன்று, இசைவிக்கப்பட்டு!

ஆட்சியாளர் எந்நாட்டவராயினும் இதிலே பெற வேண்டிய பாடம் ஒன்றுண்டு. சிக்கனம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எதிர்த்துக் குரலெழுப்ப இயலாதவர் என்று யாரைக் கருதுகிறோமோ, அவரிடமிருந்து சிக்கனத்தைத் தொடங்காதீர் என்கிறோம். தேவையை அளந்து தொகையை வகுப்பது ஆட்சி. தொகையை வகுத்துவிட்டுத் தேவையை நறுக்குவது வட்டிக்கடை. இடுப்புக்குக் கீழே இரண்டு, இடுப்புக்கு மேலே நான்கு என்று மனித உடலைக் கூறுபோடும் அளவுகோலைக் கையிலெடுக்குமுன், அந்த உடலுக்குரியவரை அருகழைத்து, அமரவைத்து, அவர் சொல்வதைக் கேளுங்கள். கேட்க மறுத்தவர்கள், 2025 ஜூலை முதல் நாளன்று, தம் கட்சியினர் முன்னிலையிலேயே, எழுதியதைத் தம் கையாலேயே அடித்துத் திருத்த நேர்ந்தது!