பூஸ்ட் பண்ணும் காசு



எம்மிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று சாய்ந்தமருதில் வயரிங், ஏசி திருத்தம், கேக் ஓடர் என்று சொந்தமாகத் தொழில் செய்கிறார்கள். சந்தோசம். ஆனால் பேஸ்புக்கில் பூஸ்ட் பண்ணக் கட்டும் காசு சில வீடுகளில் ஒரு கிழமைச் சாமான் காசு. லைக் வருகிறது, வேலை வருவதில்லை. வயரிங் செய்பவருக்கு மாத்தறையில் விழும் லைக்கால் என்ன பயன்? பூஸ்ட் பண்ணத்தான் வேண்டுமென்றால் கல்முனை, மாளிகைக்காடு, காரைதீவு மட்டும் வையுங்கள்.

கூகுள் மேப்பில் தொழிலைப் பதிவது இலவசம். கேக்கை வீடு தேடிக் கொடுக்கும் சகோதரிகள் வீட்டு முகவரியை மறைத்து, ஊர்களை மட்டும் காட்டலாம்.

2018இல் வந்த வாட்ஸ்அப் பிஸ்னஸும் இலவசம்தான். அதில் படத்தோடு விலையையும் போடுங்கள். "விலைக்கு இன்பொக்ஸ் வாங்க" என்பதைக் கண்டால் நாமே தாண்டிப் போகிறோம்!

இன்னொன்று. புரோட்காஸ்ட் செய்தி உங்கள் இலக்கத்தை சேவ் பண்ணியவருக்கே போய்ச்சேரும். ஆகவே வேலை முடிந்து காசு வாங்கும்போதே சேவ் பண்ணச் சொல்லுங்கள். எமது கடற்கரை உப்புக்காற்றில் ஏசியின் வெளிப்பெட்டி சீக்கிரம் துருப்பிடிக்கும். சில மாதம் கழித்து "சேர்விஸ் பண்ணுவமா?" என்று ஒரு மெசேஜ் போட்டால் போதும். புது ஆளைத் தேடுவதைவிட இது லேசு.

மச்சானையும் மதினியையும் பிடித்து ஐந்து நட்சத்திரம் போடுவிப்பது பொய்ச் சாட்சி. கூகுள் கண்டால் அழித்தும்விடும். உண்மையில் வேலை செய்து கொடுத்த வீட்டுக்கு லிங்கை அனுப்புங்கள், ரெண்டு வரி தமிழில் எழுதட்டும்.