படித்த படிப்புக்கே வேலை



மெக்கானிக்கலோ இ.இ.இ.யோ படித்துவிட்டு, அந்தப் பாடத்துக்குத் தொடர்பில்லாத வேலையில் சேர்வது நம் வீடுகளில் பழகிப்போன கதை. படித்த பாடத்துக்கே வேலை தரும் "கோர் கம்பெனி கிடைக்கவில்லை" என்ற வருத்தம் இல்லாத கல்லூரி விடுதி இல்லை. மாணவர்களுக்கும், கடன் வாங்கிப் படிக்கவைக்கும் பெற்றோருக்கும் இந்த மாதம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். படித்த படிப்புக்கே வேலை தரும் துறை ஒன்று நம் ஊர்களிலேயே வேரூன்றிவிட்டது. அது மின்வாகனத் துறை.

ஒசூரில் டிவிஎஸ் ஐக்யூப், ஏத்தர் மின் ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. போச்சம்பள்ளியில் ஓலாவும் ராணிப்பேட்டையில் ஆம்பியரும் மின் ஸ்கூட்டர் ஆலை நடத்துகின்றன. வியட்நாமின் வின்ஃபாஸ்ட், 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் கார் ஆலையைத் திறந்தது. அதே ஆண்டு சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகரப் பேருந்துகள் மின்சாரத்தில் ஓடத் தொடங்கின.

இந்த வண்டிகளுக்குள் எல்லாப் பாடப்பிரிவுக்கும் வேலை இருக்கிறது. மோட்டாரும் கன்ட்ரோலரும் இ.இ.இ. மாணவருடையவை. பேட்டரியின் சூட்டைத் தணிப்பதும், அதன் பெட்டியை அதிர்வு தாங்க வடிவமைப்பதும் மெக்கானிக்கல் மாணவரின் வேலை. பேட்டரியின் செல்லுக்குள் நடப்பது வேதியியல். செல்களின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் பி.எம்.எஸ். எனும் பேட்டரி மேலாண்மை அமைப்புக்கு எலக்ட்ரானிக்ஸும் மென்பொருளும் வேண்டும். டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு உற்பத்தியிலும் சர்வீஸிலும் இடமுண்டு.

நம் பிள்ளைகள்தான் இந்த வேலைகளைச் செய்ய வேண்டும் என்பதற்கு வலுவான காரணமும் உண்டு. லித்தியம் செல்லுக்கு 25 டிகிரி வெப்பம் இதமானது. வேலூரில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சென்னையில் ஒரு மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். குளிர்நாட்டுச் சாலைக்குச் செய்த வடிவமைப்பை அப்படியே இங்கே இறக்கினால் பாதுகாப்பு இருக்காது. 2022-இல் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. அந்த விதிகளுக்கு உயிர் கொடுப்பவர் பொறியாளர். 2025-இல் சீனா, மின் மோட்டாருக்குத் தேவைப்படும் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது நம் வாகன நிறுவனங்கள் திணறின. அந்தக் காந்தம் தேவைப்படாத நல்ல மோட்டாரைச் செய்யும் வேலை இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.

முன்னோடிகளும் நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள். தென் தமிழகத்தின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர் ஆறுமுகம் மந்திரம். இரும்பு போன்ற மலிவான பொருளைக் கொண்டு பேட்டரி செய்ய வழிவகுத்த ஆய்வை 1980-களில் விஞ்ஞானி ஜான் குடினஃபுடன் சேர்ந்து செய்தார். 2019-இல் குடினஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது, அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் இவரே. கோவையில் ஹேமலதா அண்ணாமலை 2008-இலேயே ஆம்பியரைத் தொடங்கினார். ஏத்தரைத் தொடங்கிய இருவரும் சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர்கள்.

ஆனால் இந்த வேலைக்குப் பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது. தொடக்கச் சம்பளம் சில இடங்களில் மென்பொருள் வேலையைவிடக் குறைவாகவும் இருக்கலாம். கையில் தொழில் இருப்பவர் அதைத் தாண்டி வளர்வார். அந்தத் தொழிலைக் கற்க, ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் மின்வாகனப் பாடங்கள் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோவையில் நடக்கும் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டியில் மின் ரேஸ் கார்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஓர் அணி அமையுங்கள். பழைய மோட்டாரைப் பிரித்துப் பாருங்கள். பேட்டரியில் மட்டும் ஆசிரியரின் மேற்பார்வை இல்லாமல் கைவைக்காதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கோர் வேலைக்குப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால், முதல் மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்துத் தடுக்காதீர்கள். பெண் பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பத் தயங்காதீர்கள்.

மாணவர்களே, கடைசி ஆண்டு ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்காதீர்கள். சிறியதாக இருந்தாலும் நீங்களே செய்யுங்கள். செய்து முடித்ததும் எங்களுக்கு எழுதுங்கள். நல்ல முயற்சிகளுக்கு இந்த இதழில் எப்போதும் இடமுண்டு.

அன்புடன்,
ஆசிரியர்