கட்டணப் பட்டியலை எங்கேப்பா ஒட்டியிருக்கீங்க?

டிஸ்கி: நான் பி.காம். படிச்ச பேங்க் ஆள். பொட்டி தட்டத் தெரியாது. ஆனா காசு வாங்கினா பட்டியல் ஒட்டணும்னு தெரியும்.

கிளையில வந்து நெஃப்ட் அனுப்பினா 10,000 வரை ரூ. 2.50, ஒரு லட்சம் வரை 5, ரெண்டு லட்சம் வரை 15, அதுக்கு மேல 25. ஜி.எஸ்.டி. தனி. நாலே வரி. 2020 ஜனவரியிலிருந்து சேமிப்புக் கணக்குக்காரங்க ஆன்லைன்ல அனுப்பினா அதுவும் கிடையாது.

இப்ப பிளாக்செயின் பக்கம் வாங்க. நம்மாளுங்க 2017ல மேட்டிக்னு ஆரம்பிச்சு பிறகு பாலிகான் ஆன வலைப்பின்னலையே எடுத்துக்குவோம். குப்பைப் பரிவர்த்தனை குவியுதுன்னு 2021 அக்டோபர்ல குறைந்தபட்சக் கட்டணத்தை 1 க்வெய்யிலிருந்து 30 க்வெய் ஆக்கினாங்க. (அப்ப நூறு கோடி க்வெய் சேர்ந்தா ஒரு மேட்டிக்.) ஏத்தினது தப்பே இல்லை. 2022 ஜனவரியில கணக்கிடும் முறையும் மாறிச்சு: அடிப்படைக் கட்டணம் ஒண்ணு, அதுக்கு மேல 'டிப்' ஒண்ணு.

கூத்து இங்கதான். பசங்க பயன்படுத்துற ஈதர்ஸ் நூலகத்தோட 5ஆம் பதிப்பு, டிப் 1.5 க்வெய்னு தனக்குள்ளேயே எழுதி வச்சிருந்தது. எத்தீரியத்தை மனசுல வச்சு எழுதின எண் அது. பாலிகான் கேட்டதோ 30. நூலகத்தை நம்பி அனுப்பினவனுக்கு "கட்டணம் குறைவு"ன்னு திரும்பி வந்தது. எந்த எண்ணை எங்கே மாத்தணும்னு பசங்க கிட்ஹப்ல ஒருத்தரையொருத்தர் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. இது கையேடா, திண்ணைப் பேச்சா?

என் அக்கா மகன் இதே பெங்களூர்ல ரெண்டு ராத்திரி இதோட மல்லுக்கட்டினான். மூணாம் நாள் மேனேஜர் கேட்டது, "உனக்கு வேலை தெரியுமா?" எழுதி வைக்காதவனுக்குச் சம்பளம், தேடி அலைஞ்சவனுக்குத் திட்டு!

"சில்லறைக் காசுக்கு இவ்வளவு சத்தமா?" என்பீர்கள். சாதாரணமா ஒருத்தருக்குப் பணம் அனுப்ப 21,000 கேஸ். 30 க்வெய் வீதம் அப்ப 0.00063 மேட்டிக் ஆச்சு. சில்லறைதான், ஒத்துக்கறேன். ஆனா மகாராஷ்டிராவின் கட்சிரோலியில சாதிச் சான்றிதழ்களையே பாலிகான்ல ஏத்தப் போறதா 2022ல அறிவிச்சாங்க. அப்படி ஒரு பதிவு டிப் போதாம வெளியே நின்னா, கூடவே ஒரு மாணவனும் வெளியே நிப்பான். அவன்கிட்ட போய்ச் சில்லறைன்னு சொல்லுவோமா?

நான் கேட்கறது மூணே மூணு. குறைந்தபட்சம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, ஒவ்வொரு கருவியிலயும் எங்கே மாத்தணும். மூணும் ஒரே பக்கத்துல, தேதி போட்டு. கட்டணத்தை மாத்துற அன்னைக்கே அந்தப் பக்கமும் மாறணும்.

பெத்தவங்களே, பிள்ளை ராத்திரி தூங்காம திரையை முறைச்சா "என்னடா படிச்சே?"ன்னு கேட்காதீங்க. பட்டியல் ஒட்டாதவங்களைக் கேளுங்க.