வீட்டில் பாட்டுப் பதிய லட்ச ரூபாய் கம்ப்யூட்டர் வேண்டுமா?

வீட்டிலேயே பாட்டுப் பதிய என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று யாரிடம் கேட்டாலும் பதில் லட்சத்தில்தான் ஆரம்பிக்கிறது. மேக்புக் ப்ரோ வாங்கு; முடியாவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் லேப்டாப்; ராம் 32 ஜிபிக்குக் குறையக் கூடாது; பழைய மெஷின் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. கடைக்காரர் சொல்கிறார், யூடியூபர் சொல்கிறார், குறும்படத்துக்கு இசையமைத்த நண்பரும் சொல்கிறார். கேட்டவர் அந்தத் தொகையைச் சேர்ப்பதற்குள் பாடும் ஆசை வடிந்துவிடுகிறது. இல்லையென்றால், இருந்த பணத்தை எல்லாம் லேப்டாப்பில் கொட்டிவிட்டு, முந்நூறு ரூபாய் காலர் மைக்கைச் சொருகிக்கொண்டு பாட உட்காருகிறார்.

குரலையும் வாத்தியத்தையும் பதிவது கம்ப்யூட்டருக்கு மிகச் சாதாரண வேலை. பதிவின் தரத்தில் பெரும்பங்கு, ஒலி கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பணமும் அங்கேதான் போக வேண்டும். அந்த அறிவுரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

“மேக்கில் பதிந்தால்தான் சவுண்ட் நன்றாக வரும்”

மைக்கில் விழும் ஒலியை எண்களாக மாற்றுவது யுஎஸ்பி கேபிளில் தொங்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ். கம்ப்யூட்டர் அந்த எண்களை வாங்கி எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். ஒரே மைக், ஒரே இன்டர்ஃபேஸ் என்றால் மேக்கில் எழுதிய கோப்புக்கும் விண்டோஸில் எழுதிய கோப்புக்கும் காது வித்தியாசம் காணாது.

மேக்குக்கு ஒரு நியாயமான பெருமை உண்டு. ஒலியைத் தாமதமில்லாமல் கையாளும் ஏற்பாடு அதன் இயங்குதளத்திலேயே இருக்கிறது. விண்டோஸின் சாதாரண டிரைவர் இதில் மந்தம். ஆனால் அந்தக் குறையைத் தீர்க்கவே ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் ஏஎஸ்ஐஓ முறையைக் கொண்டுவந்தது. இன்று ஓரளவு நல்ல இன்டர்ஃபேஸ் எதை வாங்கினாலும் அதற்கான ஏஎஸ்ஐஓ டிரைவரை நிறுவனமே தருகிறது.

லாஜிக் ப்ரோ, கராஜ்பேண்ட் ஆகிய ஒலிப்பதிவு மென்பொருள்கள் ஆப்பிளில் மட்டுமே ஓடும் என்பதும் உண்மை. ஆனால் விண்டோஸிலும் ஓடும் ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு சோதிக்கலாம். பிடித்தால் தனிநபர் உரிமம் 60 டாலர். ஆடாசிட்டி முழுக்க இலவசம். பாடகி பில்லி ஐலிஷின் 2019 ஆல்பம் லாஸ் ஏஞ்சலஸில் அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் உருவாகி, மறு ஆண்டே கிராமி வாங்கியதைச் சொல்லி மேக் விற்பவர்கள் உண்டு. அங்கே லாஜிக் இருந்தது என்பது சரி. தங்கை எப்படிப் பாடினார், அண்ணன் எப்படி அடுக்கினார் என்பதை லாஜிக் முடிவு செய்யவில்லையே!

“லேட்டஸ்ட் ப்ராசசரும் 32 ஜிபி ராமும் இல்லாவிட்டால் திணறும்”

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்டுடியோக்களில் வழக்கமான 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக்கைப் பதிந்தால் நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 1,44,000 பைட். நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி. பாட்டு, வயலின், மிருதங்கம், கஞ்சிரா, தம்பூரா என்று 16 டிராக்குகளை ஒரே நேரத்தில் பதிந்தாலும் நொடிக்கு சுமார் 2.3 எம்பிதான். பழைய ஹார்ட் டிஸ்க்குக்கே இது பொருட்டில்லை. எஸ்எஸ்டி வேண்டும் என்று நானும் சொல்வேன். அது சத்தம் போடாது, மெஷின் சட்டென்று எழுந்துவரும் என்பதற்காக.

சுமை ஏறுவது மிக்ஸிங்கில், ரிவர்ப், கம்ப்ரசர் என்று ப்ளகின்களை அடுக்கும்போது. அதற்கும் ‘ஃப்ரீஸ்’ வசதி இருக்கிறது: வேலை முடிந்த டிராக்கை ப்ளகின்களோடு சேர்த்து ஒலிக்கோப்பாக மாற்றி வைத்துவிட்டால் ப்ராசசருக்கு ஓய்வு. பாட்டும் நாலைந்து வாத்தியமும் என்றால் 8 ஜிபியில் காரியம் நடக்கும். 16 ஜிபி தாராளம். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982 ஆல்பம் ‘நெப்ராஸ்கா’, டீயாக்கின் நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் வீட்டில் பதிந்தது. அங்கே கம்ப்யூட்டரே கிடையாது.

“கேமிங் லேப்டாப் எல்லாவற்றுக்கும் தாங்கும்”

இருக்கும் அறிவுரைகளிலேயே மோசமானது இதுதான். விலையில் கணிசமான பகுதி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. ஒலிப்பதிவு மென்பொருள் அந்தக் கார்டை அநேகமாகத் தொடுவதே இல்லை. தொடாத கார்டு சும்மாவும் இருப்பதில்லை. அதன் டிரைவர் ப்ராசசரைக் கண நேரம் பிடித்து நிறுத்தினால் போதும், பதிவில் ‘டப்’ என்று ஒரு வெடிப்பு விழும். சூடேறினால் மின்விசிறிகள் வேறு இரையத் தொடங்கும். பாடகர், மைக், லேப்டாப் மூன்றும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் அந்த இரைச்சல் முழுக்கக் குரலோடு சேர்ந்து பதியும். பல்லவி நடுவே அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் இன்னொரு முறை பாடிக்கொள்ளலாம். ஓயாமல் இரையும் மின்விசிறியை என்ன செய்வது?

“பாடும்போது குரல் தாமதமாகக் கேட்கிறது; கம்ப்யூட்டர் போதாது”

ஹெட்போனில் தன் குரல் பின்தங்கிக் கேட்டால் பாடகர் தடுமாறுவார். உடனே கம்ப்யூட்டரை மாற்றச் சொல்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பஃபர் அளவு, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எத்தனை மாதிரிகளைச் சேர்த்து எடுக்கிறது என்பது. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 1,024 என்றால் அதிலேயே 21 மில்லிநொடி போய்விடும். 128 ஆகக் குறைத்தால் 2.7 மில்லிநொடி. போக வர இரண்டு பஃபர், இன்டர்ஃபேஸ் எடுக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தாலும் பத்து மில்லிநொடி அளவில் நிற்கும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லிநொடி ஆகிறது. கச்சேரி மேடையில் மூன்று மீட்டர் தள்ளி உட்காரும் மிருதங்கக்காரருக்குப் பாடகரின் குரல் ஒன்பது மில்லிநொடி தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது. யாருக்கும் தாளம் தப்புவதில்லை.

பஃபரைக் குறைக்க முடியாத பழைய மெஷினா? இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மைக்கின் ஒலி கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்போனுக்கு வரும்.

“பழைய லேப்டாப் வாங்கினால் பணம் போச்சு”

பார்க்காமல் வாங்கினால் போகும். ஆனால் கம்பெனிகள் சில ஆண்டு பயன்படுத்திக் கழித்த திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் வகைகள் அலுவலகத்தில் நாள் முழுக்க உழைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் முப்பதாயிரத்துக்குள் தேற்றலாம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். இந்த வகை லேப்டாப்களின் ஐ5 ப்ராசசர் இரண்டு கோரிலிருந்து நான்காக உயர்ந்தது அந்தத் தலைமுறையில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறக்குறைய எட்டிலிருந்துதான் ஏற்கிறது.

டிரைவர்கள் ப்ராசசரை எவ்வளவு நேரம் பிடித்து நிறுத்துகின்றன என்று அளக்கும் லேட்டன்சிமான் என்ற இலவச நிரலைக் கடையிலேயே பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பட்டை சிவப்புக்குப் போனால் வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பல நேரம் குற்றவாளி வைஃபை டிரைவர்தான். மின்விசிறிச் சத்தத்தைக் காதை வைத்துக் கேளுங்கள். பேட்டரி ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும். எர்த் சரியில்லாத வீடுகளில் சார்ஜர் சொருகியிருந்தால் பதிவில் ‘ம்ம்’ என்று ஓர் ஓசை படியும். சார்ஜரைக் கழற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

எங்கே அவர்கள் சொல்வது சரி?

ஆர்க்கெஸ்ட்ராவையே சாம்பிள்களால், அதாவது முன்பே பதிந்து வைத்த வாத்திய ஒலிகளால், கட்டப்போகிறீர்கள் என்றால் 32 ஜிபி ஆடம்பரம் இல்லை. ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா என்ற சாம்பிள் தொகுப்பின் பெரிய பதிப்பு டிஸ்க்கில் 600 ஜிபி அளவில் இடம் பிடிக்கிறது. படத்துக்குப் பின்னணி இசை செய்பவருக்கும் இந்தச் செலவு நியாயமே. மேக்கிலும், மின்விசிறியே இல்லாத மேக்புக் ஏர், மைக் இருக்கும் அறைக்கு உண்மையிலேயே பொருத்தமானது. ராமைப் பிறகு கூட்ட முடியாது என்பதை மட்டும் வாங்கும்போதே நினைவில் வையுங்கள். குழப்பம் எங்கே என்றால், சாம்பிள் இசையமைப்பாளரின் தேவையை, தம்பூராவோடு பாடிப் பதிய நினைப்பவர் தலையில் கட்டுவதில்.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை மைக்கில் பதியப்போகிறேன்? ஒன்று, இரண்டு என்றால் கையிருப்பில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டருக்குக் கொடுக்காதீர்கள். மீதியில் இரண்டு மைக் சொருகும் இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல மைக், காதை முழுக்க மூடும் ஹெட்போன், ஆடாத ஸ்டாண்டு வாங்குங்கள். அப்படியும் மிச்சமிருந்தால் ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போடுங்கள். கூடுதல் ராமைவிட அது உங்கள் குரலுக்கு நல்லது செய்யும்.