குரலுக்கு ஏது எடை?

மரப்பலகை நடைபாதையில் பூட்ஸ் சத்தம். குதிகாலில் கட்டிய இரும்பு முள் கிணுங்குகிறது. பிறகு ஒரு குரல். ஆழமான, களைத்துப்போன, ஊரில் விழுந்த பிணங்களையெல்லாம் தானே எண்ணிக் கணக்கு வைத்தவனின் குரல். 1952 ஏப்ரலிலிருந்து 1961 ஜூன் வரை சிபிஎஸ் வானொலியில் ‘கன்ஸ்மோக்’ தொடரைக் கேட்ட அமெரிக்கர்களுக்கு டாட்ஜ் சிட்டியின் மார்ஷல் மாட் தில்லன் என்றால் அந்தக் குரல்தான். உயரமான, ஒல்லியான, வெயிலில் வாடிய ஒரு ஆள் அவர்கள் மனதில் குதிரையிலிருந்து இறங்கியிருப்பான்.

மைக்குக்கு முன்னால் நின்றது வில்லியம் கான்ராட். குட்டை. குண்டு.

1920இல் கெண்டக்கியில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்துவிட்டு வந்தவரை ஹாலிவுட் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தது. அடியாள் என்று முடிவு கட்டிவிட்டது. ‘தி கில்லர்ஸ்’ (1946) படத்தின் தொடக்கத்தில் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து எல்லோரையும் நடுங்கவைக்கும் இரண்டு கொலையாளிகளில் ஒருவர் அவர். சில நிமிடங்கள்தான், ஆனால் மறக்க முடியாது. அந்தப் படத்தில் அறிமுகமான பர்ட் லங்காஸ்டர் நட்சத்திரமானார். கான்ராடுக்குக் கிடைத்தவை மேலும் சில முரட்டு வேடங்கள்.

காதுக்கு வேறு நியாயம், கண்ணுக்கு வேறு நியாயம். 1948இல் ‘எஸ்கேப்’ வானொலித் தொடரில், படையெடுத்து வரும் எறும்புக் கூட்டத்தை எதிர்த்து நிற்கும் தோட்ட முதலாளி லைனிங்கனாக கான்ராட் அசத்தினார். அதே கதை 1954இல் ‘தி நேக்கட் ஜங்கிள்’ என்று படமானபோது முதலாளி வேடம் சார்ல்டன் ஹெஸ்டனுக்குப் போனது. கான்ராடும் அதில் உண்டு, கமிஷனராக, ஓரமாய். (இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1943இல் வானொலியில் ‘சாரி, ராங் நம்பர்’ நாடகத்தை ஏறக்குறையத் தனியாகவே தாங்கியவர் ஆக்னஸ் மூர்ஹெட். 1948இல் அது படமானபோது பார்பரா ஸ்டான்விக் நடித்து ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றார்.)

பெரிய அடி 1955இல் விழுந்தது. ‘கன்ஸ்மோக்’ டிவிக்குப் போனது. வானொலியில் நடித்த நால்வரில் ஒருவருக்கும் இடமில்லை. மார்ஷல் வேடத்துக்கு ஆறடி ஏழு அங்குல ஜேம்ஸ் ஆர்னஸ் வந்தார். வானொலிக்காக எழுதப்பட்ட பல கதைகளே டிவிக்கும் போயின. கான்ராட் பேசி உயிர் கொடுத்த கதைகளில் இன்னொருவர் குதிரையேறினார். இதில் கொடுமை, வானொலித் தொடர் உடனே நிற்கவில்லை. ஆறு வருடங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. ஒரே நிறுவனம், ஒரே மார்ஷல், இரண்டு ஆட்கள்.

ஆர்னஸ் மோசமான நடிகர் என்று சொல்ல முடியாது. 20 வருடங்கள், 1975 வரை தாக்குப்பிடித்தார். ஆனால் வானொலிப் பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். டிவி மார்ஷல் நம்மைக் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை வருகிறது. கான்ராடின் மார்ஷலுக்கோ துப்பாக்கியை உறையில் போடும்போதே அலுப்பு. இவன் தோற்கவும் கூடும் என்று தோன்றுகிறது. எனக்கு அந்த ஆளைத்தான் பிடித்திருக்கிறது.

அவர் முடங்கிவிடவில்லை. ‘ராக்கி - புல்விங்கிள்’ கார்ட்டூனில் மூச்சுவிடாமல் கதை சொன்னார். ‘தி ஃப்யூஜிடிவ்’ (1963-67) தொடரின் பின்னணிக் குரலும் அவருடையதே. தன்னை ஒதுக்கிய டிவி ‘கன்ஸ்மோக்’கிலேயே இரண்டொரு எபிசோடுகளை இயக்கியும் கொடுத்தார்.

1971இல், ஐம்பதைத் தொட்டவரை அதே சிபிஎஸ் கதாநாயகனாக்கியது. ‘கேனன்’ தொடரில் சாப்பாட்டுப் பிரியரான குண்டுத் துப்பறிவாளர். எந்தத் தொப்பையால் மார்ஷல் வேடம் போனதோ அதையே காசாக்கி ஐந்து வருடங்கள் ஓட்டினார்கள். 1987இல் அடுத்த தொடர். அவருக்குச் சூட்டிய பட்டத்தையும் சேர்த்துத் தலைப்பு வைத்தார்கள்: ‘ஜேக் அண்ட் தி ஃபேட்மேன்’. அது ஓடி முடிந்தது 1992இல். 1994 பிப்ரவரியில் கான்ராட் இறந்தார்.