சட்டையில ஒரு பேரு

நம்ம பக்கம் மே மாசம் வந்தா ஊர் ஊருக்கு டென்னிஸ் பால் டோர்னமெண்ட்தான். அதுல நிறைய 'நினைவுக் கோப்பை'. பெரிய ஃப்ளெக்ஸ், இறந்துபோன நண்பரோட படம், கீழ முதல் பரிசு எவ்வளவுன்னு கொட்டை எழுத்துல. ராசிபுரம் பக்கம் எங்க ஊர்லயும் ஒண்ணு நடக்குது. எங்க அண்ணன் பேர்ல. கூடப் பொறந்தவர் இல்லீங்க, டீம் அண்ணன்.

நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையில வெல்டர். காஞ்சு கெடக்கற ஏரியிலதான் ஆடுவோம். தரை கல்லு மாதிரி இருக்கும், மர ஸ்டம்ப் எறங்காது. வேஸ்ட் கம்பியில ஸ்டம்ப் பத்தவச்சு, அடியில தகடு போட்டு, டிவிஎஸ் 50ல கட்டி எடுத்துட்டு வந்தார். பந்துக்கு ஆளுக்கு அஞ்சு ரூவா வசூல், கொறையறது அவர் கைக்காசு. பெரிய ஆட்டக்காரர்னு சொல்ல முடியாது. ஆனா சின்னப் பசங்க ஒருத்தனுக்காச்சும் ஓவர் குடுக்காம மேட்ச்சை முடிக்க மாட்டார். அதனாலயே தோத்த மேட்ச் எத்தனையோ! என்னோட மொத ஓவர்ல 22 ரன் போச்சு. "அடுத்த வாரமும் நீ போடறே"ன்னார்.

மாரடைப்புல ஒரே நாள்ல போயிட்டார். அடுத்த மே மாசமே கோப்பை வச்சோம்.

எனக்கு உறுத்தறது இங்கதான். நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும் 20 வயசு வரைக்கும் டென்னிஸ் பால்தான் ஆடினார். அவரைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போய் வழி காட்டினது ஊர்க்கார அண்ணன் ஜெயப்பிரகாஷ். 2020 ஐபிஎல்ல முதுகுல 'ஜேபி நட்டு'ன்னு போட்டுக்கிட்டு யார்க்கர் யார்க்கரா எறிஞ்சாரே, அந்த ஜேபி இவர்தான். அந்த வருஷ டிசம்பர்லயே இந்தியாவுக்கு ஆடினார். 2023ல சொந்த ஊர்ல கிரவுண்டும் தொறந்தார். நான் பெருசா நினைக்கறது அந்தச் சட்டையைத்தான். அண்ணன் உயிரோட இருக்கறப்பவே அவர் பேரைப் போட்டார் பாருங்க.

நாங்க போடல. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதுகூட இல்ல. இப்ப அவர் பேர்ல நடக்கற கோப்பைக்கு ஒவ்வொரு டீமும் காசு குடுத்து வெளியூர் ஆளுங்களை எறக்குது. எங்க ஊர்ப் பசங்க பவுண்டரிக்கு வெளிய உக்காந்து பந்து பொறுக்கறாங்க. யாருக்கு இது நினைவு?

கமிட்டியில சொல்லிப் பார்த்தேன்: "ஒவ்வொரு டீமும் சொந்த ஊர்ப் பையன் ஒருத்தனுக்கு, 15 வயசுக்குள்ள, ஒரு ஓவர் குடுக்கணும்னு ரூல் போடுங்க." சிரிச்சாங்க. "அப்புறம் எவன் நுழைவுக் கட்டணம் கட்டுவான்?"

நியாயம்தான். ஆனா கட்டணம் வராட்டி என்ன, பரிசைக் கொறைங்க. ஃப்ளெக்ஸ் வேண்டாம். அந்த ஒரு ஓவர் இருந்தா போதும், அது அவர் கோப்பை. இல்லாட்டி வேற பேரு வச்சுக்கங்க.

அந்த இரும்பு ஸ்டம்ப் ஒரு மாட்டுக்கொட்டாயில துரு ஏறிக் கெடந்துச்சு. தேய்ச்சு பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை பசங்களை ஏரிக்கு வரச் சொல்லியிருக்கேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு அண்ணன் இருந்தா, இன்னைக்கே ஒரு ஃபோன் போட்டுருங்க.

டிஸ்கி: அந்த 22 ரன்ல ஒரு சிக்ஸர் வேலிக்காத்தான் முள்ளுக்குள்ள போச்சு. பந்தை எடுத்துட்டு வந்ததும் அவர்தான்.